ஒரே நாளில் ஏறி இறங்க: கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பெங்களூரிலோ ஓசூரிலோ வேலைக்கு வந்து தங்கியிருக்கிறீர்கள். வார விடுமுறையில் ஒரு மலை ஏறிவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஓசூரைத் தாண்டி 44ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கினாலே இரண்டு பக்கமும் பாறை மலைகள் வரிசை கட்டி வரும். அவற்றில் பல ஏதோ ஒரு காலத்தில் கோட்டையாக இருந்தவை. திப்பு சுல்தான் காலத்துச் சண்டைகளில் 'பாராமகால்' என்று அடிபடும் சீமை இதுதான்.

இவற்றை ஊட்டி, கொடைக்கானல் கணக்கில் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. உயரம் அதிகமில்லை, பழக்கமில்லாதவர்கூட ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் நிழல் மிகக் குறைவு. காலை ஒன்பதரைக்கு மேல் கருங்கல் பாறை சூடு பிடிக்க ஆரம்பித்தால், மேலேயிருந்து வெயிலும் கீழேயிருந்து அனலுமாக ஆளை வாட்டிவிடும். இங்கே தலைசுற்றி உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாக ஏறியவர்கள்தான். அதனால் எந்த மலை என்று தேடுவதற்கு முன்பே எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் வரும்போது அடிவாரத்தில் இருக்க வேண்டும், பத்து மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

முதல் வேலை: எந்த மலை?

இங்குள்ள மலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டி நிற்கும் கோட்டை மலைகளும் கோயில் மலைகளும் ஒரு வகை. அவற்றுக்குப் பாதை உண்டு, ஊர்க்காரர்கள் ஏறி இறங்குவார்கள். இன்னொரு வகை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருக்கும் மேலகிரி மலைகளைப் போன்ற காட்டு மலைகள். அங்கே அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. முதல் தடவை வருகிறவர்கள் முதல் வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் ஏற்றத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ராயக்கோட்டை. ஓசூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓசூரிலிருந்து பாலக்கோடு வழியாகத் தருமபுரி போகும் சாலையில் ஊர் இருப்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. பெங்களூர், சேலம் ரயில் பாதையில் ராயக்கோட்டைக்கு நிலையமும் இருக்கிறது. ஆனால் ரயில் நேரம் விடிகாலை ஏற்றத்துக்கு ஒத்துவருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1791 ஜூலையில் திப்புவோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின்போது மேஜர் கவுடி தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை இதைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இந்தக் கதை தெரிந்து ஏறினால், வழியில் வரும் ஒவ்வொரு மதிலும் ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பது தானாகப் புரியும். கீழேயிருந்து வருகிறவனை மூச்சு வாங்க வைத்து, திருப்பத்தில் நிறுத்தி, மேலேயிருந்து அடிப்பதற்கான ஏற்பாடு அது. ஏறும்போது நீங்கள் எங்கே நின்று மூச்சு வாங்குகிறீர்களோ, அங்கிருந்து நிமிர்ந்து பாருங்கள். பெரும்பாலும் நேர் மேலே ஒரு மதில் இருக்கும்.

பாதை ஊரின் விளிம்பிலிருந்தே தொடங்குகிறது. கொஞ்ச தூரம் படிகள், அப்புறம் புதர், அப்புறம் பாறை. பாறையில் வெட்டிய பழைய படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று முழங்கால் உயரம் வரும், அடுத்தது விரற்கடை அளவுதான் இருக்கும். நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாகிக் கிடக்கும், ஓரத்தில்தான் சொரசொரப்பு மிச்சமிருக்கும். அந்த ஓரத்தில் பாதத்தை முழுதாகப் பதித்து ஏறுங்கள். நுனிக்காலில் ஏறினால் கால் வலிக்கும், சறுக்கவும் செய்யும். உச்சியில் இடிந்த கட்டடங்களும் மழைநீர் தேங்கும் சுனைகளும் இருக்கின்றன. தெளிவான காலையில் சுற்றிலும் உள்ள மற்றக் கோட்டை மலைகள் தெரியும். அந்த நேரத்தில் கீழே தக்காளி மண்டிக்கு வண்டிகள் வந்து சேரும் சத்தமும் கேட்கும். ராயக்கோட்டைத் தக்காளி வெளி மாநிலங்களுக்கும் போகிற சரக்கு.

அடுத்தது கிருஷ்ணகிரி. ஊருக்குள்ளேயே பழையபேட்டையை ஒட்டி எழும்பி நிற்கும் கோட்டை மலை. சையத் பாஷா மலை என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். மேலே தர்கா இருக்கிறது. ராயக்கோட்டையைவிடச் செங்குத்து, நிழலும் குறைவு. அதே போரில், 1791 நவம்பரில் ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல் படை பேட்டையைப் பிடித்துவிட்டு மேல்கோட்டைக்கு ஏறப் பார்த்தது. மேலேயிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டு விரட்டியடித்தார்கள். அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்தால் ஏன் முடியவில்லை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம் என்பதால் சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு இது வசதி.

படிக்கட்டு வேண்டும், வயதானவர்களும் வருகிறார்கள் என்றால் தீர்த்தமலை. தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம். அரூர் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். அருணகிரிநாதர் பாடிய தலம். பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துவிட்டு வருவதற்காகவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். குரங்குத் தொல்லை இங்கே அதிகம். பையைத் தோளிலேயே வைத்திருங்கள், கையில் எந்தத் தின்பண்டமும் தெரிய வேண்டாம்.

ஏற்றம் குறைவாகவும் பார்க்க நிறையவும் வேண்டும் என்பவர்களுக்கு மல்லச்சந்திரம். ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் சாமல்பள்ளம் வந்ததும் பிரிந்து உள்ளே போக வேண்டும். குன்றின் மேல் இறந்தவர்களுக்காக எழுப்பிய பெருங்கற்காலக் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, ஒரு பக்கம் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். உள்ளே நுழையவோ, மூடுகல் மேல் ஏறி உட்காரவோ வேண்டாம். குழந்தைகளோடு போனால் இதையே முதலில் வைத்துக்கொள்ளலாம். பழங்கால விஷயங்களில் ஆர்வம் உள்ளவர்கள் அப்புறம் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைக்கும் போகலாம். அங்கே தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது.

காலம்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை நல்ல பருவம். அதற்கு முன்னால் மழை, அதற்குப் பின்னால் வெயில். மழை பெய்த மறுநாள் பாறையில் பாசி வழுக்கும், அன்றைக்குப் படிக்கட்டு மலை மட்டும் போங்கள். கறுப்பாகப் படிந்திருக்கும் பாறை காய்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், ஈரமானால் அதுதான் மோசமாக வழுக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் போவதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஏறி எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். கோடையிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பிற்பகலில் திடீரென்று இடிமழை வரும். மொட்டைப் பாறையில் நிற்கும்போது இடி கேட்டால் போட்டோவை மறந்துவிட்டு உடனே இறங்குங்கள். தனி மரத்தடியிலும் இடிந்த மண்டபத்திலும் ஒதுங்காதீர்கள்.

நேரக் கணக்கு

டிசம்பர், ஜனவரியில் ஆறரைக்குத்தான் நன்றாக விடியும். ராயக்கோட்டை அடிவாரத்தில் ஆறரைக்கு இருக்க வேண்டுமென்றால் பெங்களூரிலிருந்து காரிலோ பைக்கிலோ நான்கு மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். மார்கழிப் பனியில் நெடுஞ்சாலையில் எதிரே வருவது தெரியாது, அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் முந்தைய இரவே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தங்கிவிடுவது மேல். இரண்டு ஊரிலும் பஸ் நிலையத்தை ஒட்டி லாட்ஜ்கள் இருக்கின்றன. காலையில் டவுன் பஸ். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளி மாநிலத்திலிருந்து வரும் பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஏற ஒன்றரை மணி, மேலே அரை மணி, இறங்க ஒன்றே கால் மணி. சாதாரண ஆளுக்கு இது போதும். எட்டரை ஆகியும் பாதி வழியில் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து, ஊரைப் பார்த்து, திரும்பிவிடுங்கள்.

பையில் என்ன?

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். இதில் பேரம் வேண்டாம். கோட்டை மலைகளில் மேலே குடிநீர் கிடையாது. சுனைத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் ஆடும் குரங்கும் இறங்கும் தண்ணீர். பாதித் தண்ணீர் தீர்ந்த இடத்தில் உங்கள் ஏற்றமும் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு, அல்லது உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

சாப்பாடு: கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பொட்டலம் கட்டிய எலுமிச்சை சாதம். வாழைப்பழம் வேண்டாம், குரங்கு தூரத்திலிருந்தே பார்த்துவிடும். ஷூ அடியில் ரப்பர் புடைப்பு தேய்ந்திருந்தால் அதைப் போட்டு வராதீர்கள். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் பேன்ட்டும் அவசியம். பாதையோரமெல்லாம் உண்ணிச்செடியும் முள்ளும்தான். தொப்பி, டார்ச், ஒரு துண்டு. மலைக்குப் பின்பக்கம் போனால் சிக்னல் போய்விடும், அதனால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனைத் திரவியம் பூசாமல் வாருங்கள். காரணம் கீழே வருகிறது.

அடிவாரத்தில்

வண்டியை நிறுத்தியதும் நேரே ஏறத் தொடங்காதீர்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள், அல்லது ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவரை நிறுத்திக் கேளுங்கள்: "அண்ணா, மேல போக வழி எதுங்க? தேன்கூடு, கரடி ஏதாச்சும் தொந்தரவு இருக்குங்களா?" இந்த ஒரு கேள்விக்கு எந்த வரைபடமும் தராத பதில் கிடைக்கும். நேற்று எந்தப் பாறை இடுக்கில் தேனீ கலைந்தது, எந்தப் பக்கம் புதர் மூடிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். எந்த மொழியில் கேட்டாலும் பதில் வரும், மரியாதையாகக் கேட்டால் பாதி தூரம் கூடவே வந்து வழி காட்டுவார்கள். நீங்கள் ஏறுவதையும், எத்தனை பேர் என்பதையும், எப்போது இறங்குவீர்கள் என்பதையும் அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாக ஏற வேண்டாம், மூன்று பேராவது இருந்தால் நல்லது.

நடக்கும்போது

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

புதியவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது பார்த்த பாதை இறங்கும்போது வேறு மாதிரித் தெரியும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதை இரண்டாகப் பிரிந்தால் தேய்ந்த கல் இருக்கும் பக்கம் போங்கள். மண்ணில் ஆட்டுப் புழுக்கை மட்டும் கிடக்கும் பாதை புதருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கும்போது செங்குத்தான பாறையில் நேராக நிமிர்ந்து இறங்காமல், முழங்காலைச் சற்று மடக்கி, பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். பயமாக இருந்தால் உட்கார்ந்து நகருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேனீ விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மலைகளில் உண்மையான ஆபத்து அதுதான். மலைத்தேனீ பாறையின் அடிவயிற்றில் அரை வட்டமாகக் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் ஒட்டிய கருந்தார் போல அசையாமல் இருக்கும். கிட்டப் போனால் அதன் மேல் அலை அலையாக ஒரு சிலிர்ப்பு ஓடுவது தெரியும். அந்தச் சிலிர்ப்பைக் கண்டால் அங்கே நிற்காதீர்கள். புகை, பலத்த சத்தம், வாசனைத் திரவியம், கல் எறிதல், டிரோன் எல்லாமே அவற்றைக் கிளப்பிவிடும். உச்சியில் சிகரெட் பற்றவைக்கிறவரோ ஸ்பீக்கர் போடுகிறவரோ உங்கள் குழுவில் இருந்தால் அவரைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். தேனீ கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்கக் கூடாது. துண்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, வழி பார்த்து வேகமாக அந்த இடத்தை விட்டு விலக வேண்டும். சுனையில் குதிக்க வேண்டாம், தலையைத் தூக்கும் வரை அவை மேலேயே சுற்றும். கொட்டிய கொடுக்குகளைத் தாமதிக்காமல் நகத்தாலோ அட்டையாலோ சுரண்டி எடுங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ உடனே 108.

பாம்பு: கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கல் இடுக்கில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள், மதில் இடுக்கில் உட்காராதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி இறக்கி, அரசு மருத்துவமனைக்கு. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

கரடி பாறைக் குகைகளில் பகலில் படுத்திருக்கும், மாலையில் வெளியே வரும். அதனால் குகைக்குள் எட்டிப் பார்ப்பதும் பொழுது சாயும் வரை மேலே இருப்பதும் கூடாது.

காட்டுக்குள் போக ஆசைப்பட்டால்

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் என்று படங்களில் பச்சைப் பசேலென்று தெரியும் இடங்களெல்லாம் யானைகள் நடமாடும் பகுதி. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இங்கேதான் இருக்கிறது. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் வயலுக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் ஊர்க்காரர்களே இருட்டில் வெளியே வர யோசிப்பார்கள். அனுமதியில்லாமல் நாமாகவே காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். யானை மிதித்து யாராவது இறந்தால், அதற்கான கோபத்தையும் விளைவையும் சுமப்பது அந்த ஊர் மக்களும் அந்த யானையும்தான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் பலர் உயிரிழந்ததை மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அய்யூர், சாமி ஏரிப் பாதையும் குத்திராயன் சிகரப் பாதையும் அதில் அடக்கம். இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். முதல் முறை என்றால் அய்யூர் பாதையை எடுங்கள். தீப்பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், பிப்ரவரிக்குப் பின் திட்டமிடுகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கட்டணம் அதிகம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். காட்டை அறிந்த ஒரு மலைக் கிராமத்து இளைஞருக்கு அந்தப் பணத்தில் சம்பளம் போகிறது. கேட்கத் தெரிந்தவருக்கு அவர் ஒரு நாளில் சொல்லித் தருவது ஏராளம்: எந்தச் சாணம் நேற்றையது, எந்த மரத்தில் யானை முதுகைத் தேய்த்திருக்கிறது, எந்தப் பழம் தின்னலாம். அந்தப் பணம் முழுக்கத் தகும்.

இறங்கிய பிறகு

டீக்கடைக்காரரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் பையிலேயே திரும்பி வரட்டும். கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்குவது 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி தண்டனைக்குரியது. யாராவது கிறுக்குவதைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் சாப்பாடு. களி கிடைக்கும் மெஸ் எதுவென்று ஊரில் விசாரியுங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வெயிலில் ஏறி இறங்கிய வயிற்றுக்கு அவ்வளவு இதம். செப்டம்பரிலிருந்து சாலையோரம் கூடையில் மலைச் சீத்தாப்பழம் வரும், கோடையில் கிருஷ்ணகிரி மாம்பழம். விற்கிறவர் பெரும்பாலும் பக்கத்து ஊர் அக்காதான், அங்கேயே வாங்குங்கள்.

விடிகாலை மூன்றுக்கு எழுந்தவர் களி சாப்பிட்டுவிட்டு உடனே வண்டி ஓட்டினால் சூளகிரி வருவதற்குள் கண் சொக்கும். மர நிழலில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, முகம் கழுவிவிட்டு வண்டியை எடுங்கள்.